ஏழு லீவர் பூட்டு, இரண்டு திருகாணிக் கொண்டி

கேள்வி: வெளிக் கேட்டுக்குத் தொங்கு பூட்டு வாங்கப் போனேன். 5 லீவர், 7 லீவர், 8 லீவர் என்று கடைக்காரர் எடுத்து அடுக்கினார். லீவர் கூடக் கூட விலையும் ஏறுகிறது. பாதுகாப்பும் அப்படியே ஏறுமா? (ஒரு வாசகர், கரூர்)

பதில்: ஓரளவுக்கு ஏறும். பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். லீவர் என்பது அதுதான். ஒவ்வொரு தகட்டையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும், சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைத் தூக்கும். எல்லாத் தகடுகளிலும் உள்ள வெட்டு ஒரே நேராக வந்தால்தான் தாழ் நகர வழி கிடைக்கும். ஒரு தகடு கொஞ்சம் கூடுதலாக எழும்பினாலும் நகராது, குறைவாக எழும்பினாலும் நகராது. 1778இல் ராபர்ட் பேரன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. கள்ளச்சாவி போடுகிறவனுக்கு ஒவ்வொரு லீவரும் ஒரு தடை, அதனால் 4ஐ விட 7 மேல்தான்.

ஆனால் கேட்டில் தொங்கும் பூட்டைக் கள்ளச்சாவி போட்டுப் பொறுமையாகத் திறக்கிறவன் குறைவு. கடப்பாரையை நுழைத்து நெம்புவான், இல்லையென்றால் கம்பியை அறுப்பான். அங்கே லீவர் எண்ணிக்கைக்கு வேலையே இல்லை. பூட்டின் வளைந்த கம்பி கடினப்படுத்திய எஃகா என்று பாருங்கள், நல்ல பூட்டில் கம்பியிலேயே 'ஹார்டன்ட்' என்று பொறித்திருப்பார்கள். பூட்டிய பிறகு கம்பிக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இடம் இருந்தால்தானே கடப்பாரை நுழையும்?

அதைவிட முக்கியம், கேட்டில் இருக்கும் கொண்டி. கதவை மூடிய பிறகும் திருகாணித் தலை வெளியே தெரிகிறது என்றால், வருகிறவன் உங்கள் பூட்டைத் தொடவே மாட்டான். திருகாணியைக் கழற்றிக் கொண்டியோடு பூட்டையும் சேர்த்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு உள்ளே போவான். போல்ட் போட்டு உள்பக்கம் நட் முடுக்கச் சொல்லுங்கள், அல்லது வெல்டிங் வைத்துவிடுங்கள். பூட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைக் கொண்டிக்குச் செலவழித்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

கடையிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். அதே மாடலில் இன்னும் நாலைந்து பூட்டை எடுக்கச் சொல்லி, சாவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். மலிவுப் பூட்டுகளில் சாவி வெட்டு வகைகள் குறைவாக இருக்கும், பக்கத்துப் பூட்டின் சாவி திறந்துவிடுவது உண்டு. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அப்புறம் ஐஎஸ்ஐ முத்திரையையும் தேடுங்கள், தொங்கு பூட்டுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 275.

கேள்வி: சாவி இல்லாமலே அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு வசதியா, சாவி போட்டுத் திருகும் பூட்டு நல்லதா?

பதில்: வசதிக்கு அமுக்கும் பூட்டு, பாதுகாப்புக்குச் சாவி போட்டுத் திருகும் பூட்டு. அமுக்கிப் பூட்டும் மலிவு வகைகளில் கம்பியைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்கு. வளைந்த தகரத் துண்டு ஒன்றாலேயே அதைப் பின்னுக்குத் தள்ளிவிட முடியும், உள்ளே இருக்கும் லீவரைத் தொட வேண்டியதே இல்லை. விலை கூடிய வகைகளில் நாக்குக்குப் பதில் எஃகு உருண்டைகள் இருக்கும், அவை இந்த வேலைக்கு மசியாது. சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும் என்றால் இன்னொரு லாபமும் உண்டு, சாவியை உள்ளே விட்டுவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு நிற்க மாட்டீர்கள்.

கேள்வி: காற்றில் கதவு அடித்துக்கொண்டு ஃபிளாட் பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே. பூட்டு ரிப்பேர்காரர் வந்து இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டு 1,500 ரூபாய் கேட்டார். இரண்டு நிமிட வேலைக்கு இவ்வளவா? அவ்வளவு சுலபமாகத் திறக்கிறதே, பூட்டை மாற்ற வேண்டுமா? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: கூலி பற்றி முதலில். அவர் வாங்குவது இரண்டு நிமிடத்துக்கு அல்ல, கதவைப் பெயர்க்காமல் திறந்ததற்கு. இருந்தாலும் போனிலேயே தொகையைப் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். நீங்கள் அந்த வீட்டுக்காரர்தான் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி கேட்டாரா? கேட்டிருந்தால் அவர் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தொழில்காரர்.

இனி பூட்டு. அநேகமாக அவர் பூட்டைத் திறக்கவே இல்லை. கதவைச் சும்மா சாத்தினால் சட்டத்துக்குள் போய் உட்கார்வது ஒரு பக்கம் சாய்வாக வெட்டிய ஸ்பிரிங் நாக்குதான். கதவிடுக்கு வழியாக அதைத் தள்ளிவிட்டிருப்பார். வெளியே போகும்போது சாவியைப் போட்டுத் திருகிவிட்டுப் போனால், ஸ்பிரிங் இல்லாத கெட்டித் தாழ் வெளியே வரும், அது இப்படி நகராது. பூட்டை மாற்ற வேண்டாம். சாத்திவிட்டுப் போகும் பழக்கத்தை மாற்றினால் போதும்.

கேள்வி: "கம்ப்யூட்டர் சாவி" என்கிறார்களே, அதில் சிப் இருக்குமா?

பதில்: இருக்காது. பல்லுக்குப் பதில் சாவியின் தட்டைப் பக்கத்தில் குழி குழியாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது பின் சிலிண்டர், அதாவது சின்னச் சின்ன ஊசிகள் (பின்) தடுத்து நிற்கும் உருளை. அமெரிக்காவின் லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வாரிசு. ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. சரியான சாவி போட்டால் எல்லாப் பின்களின் இணைப்பும் சிலிண்டர் விளிம்பில் ஒரே கோட்டில் நின்று சிலிண்டர் சுழலும். குழிச் சாவியில் பின் வரிசைகள் கூடுதலாக வைக்க முடியும், சாலையோரத்தில் நகல் எடுப்பதும் சிரமம். வாடகைக்கு விடும் வீட்டுக்கு நல்ல தேர்வு. வாங்கும்போது சீல் வைத்த உறையில் எத்தனை சாவி என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: "உலகில் யாராலும் திறக்க முடியாது" என்று ஒரு பூட்டு விளம்பரம் வருகிறது. நம்பலாமா?

பதில்: இந்த விளம்பரம் 200 வருடத்துக்கும் மேல் பழசு. லண்டன் பிக்காடிலியில் ஜோசப் பிராமா என்ற பூட்டுத் தயாரிப்பாளர் தன் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பணம்) பரிசு என்று எழுதி வைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அது அப்படியே தொங்கியது. 1851இல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு வியாபாரி வந்தார். முதலில் அவர் கைவைத்தது சப் (Chubb) என்ற ஆங்கிலக் கம்பெனியின் டிடெக்டர் பூட்டில். யாராவது கள்ளச்சாவி போட்டு ஒரு லீவரை அதிகம் தூக்கிவிட்டால் அப்படியே இறுகிக்கொண்டு, அடுத்த முறை சாவி போடும் வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொடுத்துவிடும், அதுதான் அதன் பெருமை. ஹாப்ஸுக்கு அது 25 நிமிட வேலையாக முடிந்தது. இறுகிக்கொண்ட லீவரே அவருக்குத் துப்பு கொடுத்தது என்பதுதான் வேடிக்கை. பிராமா பூட்டு அவரைப் படுத்தி எடுத்தது: 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம். கடைசியில் திறந்துவிட்டார், பரிசும் கைக்கு வந்தது.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் ஜெயித்தது பிராமாதான். 51 மணி நேரம் உங்கள் வாசலில் குந்தியிருக்க எந்தத் திருடன் வருவான்? திறக்க முடியாது என்று சொல்லும் பூட்டை விடுங்கள், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று சொல்லத் தயாராக இருக்கும் கம்பெனியைத் தேடுங்கள்.

கேள்வி: புது சூட்கேஸில் நம்பர் பூட்டோடு ஒரு சாவி ஓட்டையும் இருக்கிறது. சாவி தரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு வைரக் குறியும் டிஎஸ்ஏ 007 போன்ற எண்ணும் இருக்கும், பாருங்கள். அந்தச் சாவி அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கானது, பெட்டியைச் சோதிக்கும்போது பூட்டை உடைக்காமல் திறப்பதற்காக. வாங்குகிறவருக்குக் கொடுப்பதில்லை. ஆனால் 2014இல் அந்தச் சாவிகளின் படம் அங்கே ஒரு செய்தித்தாளில் வெளிவந்து, அடுத்த வருடமே அதைப் பார்த்து முப்பரிமாண அச்சில் சாவி செய்துவிட்டார்கள். பெட்டிக்குள் நகை வைக்காதீர்கள்.

நம்பர் மறந்துபோனாலும் பயமில்லை. மூன்று சக்கரம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம்தான். ஒன்றுக்கு இரண்டு நொடி வைத்தாலும் 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

கேள்வி: கைரேகைப் பூட்டு போட்டோம். பேட்டரி தீர்ந்தால் வெளியே நிற்க வேண்டியதுதானா?

பதில்: பேட்டரி குறையும்போது பல நாள் முன்பிருந்தே சத்தம் கொடுக்கும், அலட்சியம் செய்தால்தான் சிக்கல். பெரும்பாலான மாடல்களில் கீழ்ப்பக்கம் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பிடிக்க இரண்டு முனைகளோ, டைப்-சி சார்ஜர் ஓட்டையோ இருக்கும். பவர் பேங்க் போதும். மூடிக்குள் ஒளித்து வைத்த சாவி ஓட்டையும் பலவற்றில் உண்டு. அந்தச் சாவியை வீட்டுக்குள் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்கள் நிறையப் பேர்! வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வாங்கும்போது அந்தச் சாவி சிலிண்டர் எப்படி என்று கேளுங்கள். 20,000 ரூபாய் எலக்ட்ரானிக்ஸுக்குள் 100 ரூபாய் சிலிண்டர் இருந்தால், உங்கள் கதவுக்கு இருப்பது 100 ரூபாய்ப் பூட்டுதான். உத்தரவாதக் காலத்தில் சர்வீஸுக்கு ஆள் வராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லுங்கள். பில் கையில் இருக்கட்டும்.

கேள்வி: திண்டுக்கல் பூட்டு இப்போதும் வாங்கத் தகுந்ததா?

பதில்: கையால் செய்தது கிடைத்தால் வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு பார்க்கவும் அழகு, கனமும் உண்டு. தொழிலாளி கையால் சாவி வெட்டுவதால் இன்னொரு பூட்டின் சாவி பொருந்துவது அபூர்வம். ஆனால் திண்டுக்கல் பேரில் விற்பதெல்லாம் திண்டுக்கல் பூட்டு இல்லை. அலிகாரில் இயந்திரத்தில் செய்த மலிவுச் சரக்கும் அதே அலமாரியில் இருக்கும். திண்டுக்கல்லுக்கே போகும்போது அங்குள்ள தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ பட்டறையிலோ வாங்குவது நல்லது. கூடுதல் சாவி வேண்டுமென்றால் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு உங்கள் ஊரில் வெட்டித் தரத் திணறுவார்கள்.

கேள்வி: இறுகிப்போன பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். அன்றைக்குத் திறக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். பென்சில் முனையைச் சாவியில் தேய்த்துப் போட்டுத் திருகுங்கள், லீவர் பூட்டு என்றால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

கேள்வி: வங்கி லாக்கர் சாவியைத் தொலைத்துவிட்டேன். வங்கியிடம் மாற்றுச் சாவி இருக்குமா?

பதில்: இருக்காது. லாக்கரில் இரண்டு சாவி வேண்டும். வங்கியின் சாவி முதலில் திரும்பினால்தான் உங்கள் சாவி வேலை செய்யும், ஆனால் வங்கிச் சாவி மட்டும் எதையும் திறக்காது. உடனே எழுதிக் கொடுங்கள். பூட்டுக் கம்பெனி ஆளை வரவழைத்து, உங்கள் முன்னிலையில் துளையிட்டு உடைத்து, பூட்டை மாற்றுவார்கள். செலவு உங்களுடையது. பழைய சாவி பிறகு கிடைத்தால் திருப்பித் தருவதாக எழுதியும் வாங்குவார்கள். லாக்கரில் திருட்டோ, தீ விபத்தோ, ஊழியர் மோசடியோ நடந்து அதற்கு வங்கி பொறுப்பானால், 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி அதன் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. வாடகை 3,000 என்றால் மூன்று லட்சம். உள்ளே இருக்கும் நகை அதற்கு மேல் என்றால் தனியாகக் காப்பீடு எடுப்பது பற்றி விசாரியுங்கள்.