அந்தப் பிள்ளை என்ன சொன்னது?

அன்புள்ள அம்மாவுக்கு,

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பி.எட். படிக்கும்போது டூயி, ஷோன் என்ற அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர்களின் பெயர்களைச் சொல்லி, வகுப்பு முடிந்ததும் நடந்ததைத் திரும்பிப் பார்த்து மீள்நோக்குக் குறிப்பு எழுதச் சொல்லித் தந்தார்கள். தினமும் இரவில் எழுதுகிறேன். மூன்று பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். எழுதியும் என் வகுப்பு மாறவில்லை. சக ஆசிரியர்களிடம் பேசினால் "உனக்கு வேற வேலை இல்லையா" என்கிறார்கள். குறிப்பைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? எங்கள் வட்டார ஆங்கில ஆசிரியர்களுக்கு வாட்ஸாப் குழு தொடங்கினால் பயன் இருக்குமா?

தே.

அன்புள்ள தே.,

தமிழிலேயே எழுதுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. குழுவும் தொடங்குங்கள், கெடுதல் கிடையாது. எனக்குப் பேச வேண்டியிருப்பது அந்த மூன்று பக்கங்களைப் பற்றி. ஆசிரியர்கள் எழுதும் குறிப்புகளைப் பற்றிச் சில நாளாகவே எனக்குள் ஒரு ஆற்றாமை இருக்கிறது. உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து தொட்டுவிட்டது.

மூன்று பக்கங்களிலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். பொறுமை இழந்தேன், இன்னும் தயாரித்துப் போயிருக்க வேண்டும், இந்தத் தொழில் எனக்குப் பொருந்தாதோ. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் பேசியதில் ஒரு வாக்கியம்கூட உங்கள் ஏட்டுக்கு வந்து சேரவில்லை. பகலெல்லாம் தொண்டை வறளக் கத்திவிட்டு, இரவில் உட்கார்ந்து உங்களையே அடித்துக்கொள்கிறீர்கள். படிக்கக் கஷ்டமாக இருந்தது, கோபமும் வந்தது. இதைத்தான் மீள்நோக்கு என்று உங்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். சிந்தனை ஒரு தடுமாற்றத்தில், விடை தெரியாத ஒரு சிக்கலில் தொடங்குகிறது என்று டூயி 1910இல் எழுதினார். குற்றவுணர்ச்சிக்கு அதில் என்ன வேலை?

ஓரிடத்தில் "ஏழாம் வகுப்புக்கு இறந்தகாலம் பிடிபடவேயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னதான் சொன்னார்கள்? "எஸ்டர்டே ஐ கோ" என்றார்களா, "ஐ டிட் நாட் வென்ட்" என்றார்களா? முதல் பிள்ளை, நேற்று என்று சொல்லியாகிவிட்டது, இனி வினையை எதற்குத் தொட வேண்டும் என்று நினைக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு இறந்தகாலம் நன்றாகவே பிடிபட்டிருக்கிறது; ஒரு இடத்தில் வைக்க வேண்டியதை இரண்டு இடத்தில் வைக்கிறது. "டிட்" வந்துவிட்டால் வினை மாறாது என்று ஒரு வரி சொன்னால் அதற்குப் போதும். முதல் பிள்ளையோடு இன்னும் சில வாரம் கதை பேச வேண்டும். உங்கள் குறிப்பில் இருவரும் ஒரே வரிக்குள் அடங்கிவிட்டார்கள். மறுநாள் இருவரையும் சேர்த்தே கோ, வென்ட், கான் என்று ஒப்பிக்க வைத்திருப்பீர்கள். அந்த வாக்கியத்தைச் சொன்னது சொன்னபடி எழுதிவைத்திருந்தால் அடுத்த பாடம் அதிலேயே கிடைத்திருக்கும். திருத்தி எழுதக் கூடாது, சுருக்கி எழுதக் கூடாது, சொன்னது சொன்னபடி.

நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில், ஓய்வுபெறும் வயதில் ஓர் ஆங்கில ஆசிரியர் இருந்தார். அவர் சட்டைப்பையில் எப்போதும் மடித்த தாள் ஒன்று இருக்கும். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் அதை மேசையில் விரிப்பார். அன்று பையன்கள் சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்கள். "இவன் ஏம்மா இப்படிச் சொல்லியிருப்பான்?" கணக்கு வாத்தியாரையும் விடமாட்டார். "ஹி இஸ் கமிங் டெய்லி" என்று ஒருவன் சொன்னதற்கு எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் முடிச்சை அவிழ்த்தவர் தமிழாசிரியர். இப்போது வருகிறான், தினமும் வருகிறான், தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைதானே, பையன் எதற்குப் பிரித்துப் பார்ப்பான் என்றார்.

1960ஐ ஒட்டிச் சென்னை மாநிலத்தில் நடந்த பெரிய ஆங்கிலப் பயிற்சியில் படித்தவர் அந்த ஆசிரியர். தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 பேரை மறுபடி பயிற்றுவிக்க எடுத்த முயற்சி அது. சிலருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் பலருக்குச் சொல்லி, அந்தப் பலர் ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும். உருள உருளப் பெரிதாகும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர். மேலேயிருந்து வாக்கிய அமைப்புகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன, எங்கள் வகுப்பில் நடந்தது மேலே போக வழி இல்லை என்பார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு நீங்கள் பயிற்சிக்குப் போகும் குறுவள மையக் கூட்டம் மட்டும் என்ன? மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று பயிற்சிக் கட்டகம் இறங்கி வருகிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருகிறீர்கள்.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் வேறு வழியில் போனார். இலக்கணப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்கவைத்தார்கள். வகுப்பில் பாதிப் பேருக்காவது வேலையில் பாதியாவது வந்ததா என்று பார்த்தே அடுத்த வேலையின் கடினத்தை முடிவுசெய்தார்கள். அது பிள்ளைகளின் தாளில் தெரியும். ஆசிரியரின் மனச்சோர்வில் தெரியாது. நல்ல கற்பித்தலுக்குப் பெரிய பகை உயிரற்ற வழக்கம்தான் என்று பிரபு பிறகு, 1990இல், வாதிட்டார். இரவில் எழுதும் குறிப்பும் அப்படி வழக்கமாகிவிடும். உங்களுடையது ஆகிவிட்டது.

சக ஆசிரியர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்களிடம் நீங்கள் கொண்டுபோனது உங்கள் வருத்தத்தை. அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு பிள்ளையின் வாக்கியத்தைக் கொண்டுபோய்க் காட்டிக் காரணம் கேளுங்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் அதே பிள்ளையைத் தெரியும். குழுவிலும் அதையே போடுங்கள்.

இரவில் எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். தூங்குங்கள், தாயே. சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் வைத்து, மணி அடிப்பதற்குள் கேட்டதை எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். உங்களைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.