ஒரே லேப்டாப், வேலையும் வேண்டும் நோண்டவும் வேண்டும்: எந்த லினக்ஸ்?

கேள்வி கேட்டவர் பொறியியல் மூன்றாம் ஆண்டு. 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒன்றுதான் கையில். பிராஜெக்ட், ரெஸ்யூம், ஆன்லைன் வகுப்பு எல்லாம் அதில்தான் ஓட வேண்டும்; லினக்ஸை உள்ளே புகுந்து கற்றுக்கொள்ளவும் ஆசை. லினக்ஸ் வகைகளில் (டிஸ்ட்ரோ என்பார்கள்) உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதைப் போடுவது என்று கேட்கிறார்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், பங்குத் திருவிழா நிகழ்ச்சி நிரல், மாணவர்களின் பிராஜெக்ட் ரிப்போர்ட், இப்படித்தான் பிழைப்பு. மூன்று கம்ப்யூட்டரில் இரண்டில் லினக்ஸ் மின்ட், ஒன்றில் விண்டோஸ். அந்த ஒன்றை எடுக்க முடியவில்லை. கைரேகைக் கருவியும் பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களும் அதை விட்டால் எனக்கு வேறெதிலும் சரிப்பட்டு வரவில்லை. லினக்ஸ் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸ் என்று ஒன்று இருப்பதே அரசின் இலவச லேப்டாப் கிடைத்தபோதுதான் எனக்குத் தெரியும். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. வகுப்பில் பாதிப்பேர் முதல் வாரத்திலேயே அதை அழித்துவிட்டார்கள். நான் அழிக்கவில்லை, நோண்டி நோண்டிக் கெடுத்தேன். அங்கிருந்து உபுண்டு, அப்புறம் ஆர்ச். கடை திறந்தபோதும் மெயின் கம்ப்யூட்டரில் ஆர்ச்தான். பார்க்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்வேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு ஜூன் மாதச் சாயங்காலம். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. லைனில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். பக்கத்துப் பங்கின் திருவிழா நோட்டீஸ் கடைசி புரூஃபில் இருந்தது. அன்று இரவே மார்த்தாண்டத்தில் ஆஃப்செட்டுக்குக் கொடுக்க வேண்டும். கமிட்டிச் செயலாளர் அண்ணன் வந்து உட்கார்ந்தார். ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது, ஆளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனில் பேசியபடியே சாயா குடிக்க இறங்கினார். அந்தப் பத்து நிமிடம் சும்மா இருக்கக் கூடாதா? எழுத்துரு எடிட்டர் ஒன்று வேண்டியிருந்தது, அதை இன்ஸ்டால் செய்யலாம் என்று ஆர்ச்சில் மென்பொருள் நிறுவும் கருவியான பேக்மேனைத் தட்டினேன். ஆர்ச்சில் ஒரு பேக்கேஜை (மென்பொருள் பொதியை) மட்டும் புதிதாக்கிக்கொண்டு மற்றதைப் பழையபடி விட்டுவைக்கக் கூடாது. புதுப்பித்தால் மொத்தத்தையும் புதுப்பிக்க வேண்டும். நான் இரண்டு மாதமாகப் புதுப்பிக்கவில்லை. நூற்றுக்கணக்கில் பேக்கேஜ் வரிசையில் நின்றது, சிஸ்டத்தின் மையமான கெர்னலும் அதில் ஒன்று. சரி, ஓடட்டும் என்று எண்டரைத் தட்டினேன்.

பாதியில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்ததும் ஆன் செய்தேன். பூட் மெனு வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. கெர்னல் ஃபைலைக் காணோம் என்று ஒரு வரி. விஷயம் இதுதான்: ஆர்ச்சில் கெர்னலைப் புதுப்பிக்கும்போது பூட் ஃபோல்டரில் இருக்கும் பழையதை முதலில் எடுத்துவிட்டு, எல்லா பேக்கேஜும் முடிந்த பிறகே புதியதைக் கொண்டுவந்து வைக்கும். நான் மாட்டிக்கொண்டது சரியாக அந்த இடைவெளியில். இதே உபுண்டுவோ டெபியனோ என்றால் முந்தைய கெர்னல் பக்கத்திலேயே இருக்கும். பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். ஆர்ச்சிலும் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) கெர்னல் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், நான் வைத்திருக்கவில்லை.

யுஎஸ்பியில் ஆர்ச்சை பூட் செய்து, டிஸ்க்கை மவுண்ட் பண்ணி, சிரூட் கமாண்டால் கெட்டுக் கிடந்த சிஸ்டத்துக்குள் நுழைந்து, பேக்மேன் விட்டுப்போன பூட்டு ஃபைலை அழித்து, மறுபடி முழு அப்டேட்டையும் ஓட்டினேன். முக்கால் மணி நேரம். அண்ணன் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் "சரியாச்சா மக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நோட்டீஸ் ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாக இருந்தது. ஆனால் அதற்குள் பிரஸ்ஸைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் கொடுக்க முடிந்தது. அதிலிருந்து மழை நாளில் கடைக்கு வந்தால், "இன்னைக்கு அப்டேட் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

ஆர்ச்சின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. பேட்டரியை மாற்றாததும் நேரம் காலம் பார்க்காமல் அப்டேட் போட்டதும் நான். ஆனால் அன்றைக்கு ஒன்று பிடிபட்டது. எந்த டிஸ்ட்ரோ அழகு, எது வேகம் என்பதெல்லாம் அப்புறம். மாற்றம் வரும் நாளை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேலைக்கான கம்ப்யூட்டரில் அந்த நாள் என் கையில் இருக்க வேண்டும்.

டெபியன் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். ஒரு பதிப்புக்கு மூன்று வருடம் முழுப் பராமரிப்பு, அதன்மேல் இரண்டு வருடம் நீட்டிப்பு. உபுண்டுவின் எல்டிஎஸ் இரட்டைப்படை வருடங்களில் ஏப்ரலில் வரும், ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் உண்டு. மின்ட் அந்த எல்டிஎஸ் மேல் கட்டப்படுவது; 2024 ஜூலையில் வந்த மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு. இவற்றில் தினமும் வருகிற அப்டேட் பெரும்பாலும் ஓட்டையை அடைக்கிற வேலைதான், வீட்டையே இடித்துக் கட்டுவதில்லை. பெரிய மாற்றத்துக்கு லீவு பார்த்து நாமே நாள் குறிக்கலாம். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆயுள். புதியது சீக்கிரம் கிடைக்கும், வருடத்துக்கு ஒரு முறையாவது நீங்களும் நகர வேண்டும். ஆர்ச்சுக்குப் பதிப்பு என்றே ஒன்று இல்லை, ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே ஓடுகிறவர்களுக்குச் சுகம். என்னைப்போல இரண்டு மாதம் நின்றுவிட்டு ஒரே மூச்சில் பிடிக்கப் பார்த்தால் இரைக்கும்.

"நிலையான டிஸ்ட்ரோ என்றால் எல்லாம் பழைய சரக்குதானே" என்பார்கள். முன்பு உண்மை. எனக்கே அது வலித்த இடம் ஸ்க்ரைபஸ். பக்க வடிவமைப்புக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று பார்த்தால், பழைய 1.4 வரிசையில் தமிழ் உடைந்துதான் தெரியும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். அதற்குப் பிறகு வந்த வரிசையில்தான் இந்திய எழுத்துகள் ஒழுங்காக உட்கார்ந்தன, நிலையான 1.6 வந்தது 2024 தொடக்கத்தில். அதற்காக டிஸ்ட்ரோவையே மாற்ற வேண்டியதில்லை. எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் தனிப் பொதி முறையான ஃப்ளாட்பேக்கில் அந்த ஒரு மென்பொருளை மட்டும் புதியதாக எடுத்துக்கொள்ளலாம். அடித்தளம் பழையது, மேலே வேண்டியது மட்டும் புதியது. டிஸ்க் இடம் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், அவ்வளவுதான். மின்டில் ஃப்ளாட்பேக் தயாராகவே வரும்.

தமிழ் தட்டச்சுக்கு எந்த டிஸ்ட்ரோ என்று தனியாகத் தேடாதீர்கள். தட்டச்சு முறையை மாற்றித் தரும் ஐபஸ், அதோடு விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் பேக்கேஜ், இரண்டும் எல்லாவற்றிலும் கிடைக்கும். தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கும். பத்திரம் எழுதிக் கொடுக்கிற மாமா ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், விரலெல்லாம் பழைய லேஅவுட்தான். அவருக்கு டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் அடித்து முடித்துவிட்டு, "இது என்ன விண்டோஸ் புதுசா?" என்றார். இல்லை என்று சொல்லவில்லை, எதற்கு வீணாகக் குழப்ப வேண்டும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருக்கும் ஃபைல்களுக்கு அந்த எழுத்துருவை ஹோமில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் லிப்ரே ஆபிஸில் வாசிக்கலாம். ஆனால் பிராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தயவுசெய்து யூனிகோடில் அடியுங்கள். கடைசி நாளில் கன்வர்ட்டர் தேடிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் கதை வேறு. பாறசாலையில் இருக்கும் என் சித்தி மகளின் பிள்ளை பள்ளியிலேயே உபுண்டு அடிப்படையிலான லினக்ஸில்தான் படிக்கிறாள். கேரளப் பள்ளிகளில் பல வருடமாக அப்படித்தான். லீவுக்கு இங்கே வந்தால் மின்டில் உட்கார்ந்து அவள்பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பாள், ஒரு கேள்வி கேட்க மாட்டாள். பழக்கம்தான் பாதி.

சரி, நோண்டுவது. ஆர்ச்சைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எஃப்எஸ்டேப் என்றால் என்ன, இனிட்ரேம்எஃப்எஸ் எதற்கு, ஒரு சர்வீஸ் ஏன் எழும்பாமல் கிடக்கிறது, இதெல்லாம் நான் கற்றது ஆர்ச் காலை வாரிவிட்ட ராத்திரிகளில்தான். இப்போது இன்ஸ்டாலுக்கு ஆர்ச்இன்ஸ்டால் என்று வழிகாட்டியே உள்ளே இருக்கிறது. முதல் தடவை அதைத் தொடாமல், விக்கியைப் பார்த்துக் கையால் செய்யுங்கள். அந்த ஆர்ச் விக்கி ஒரு புதையல். மின்டில் ஏதாவது மாட்டிக்கொண்டாலும் நான் முதலில் போவது அங்கேதான். ஜென்டூ என்றொரு டிஸ்ட்ரோவில் பெரும்பாலானவற்றை மூல நிரலிலிருந்து நம் கம்ப்யூட்டரே கம்பைல் செய்வதுதான் வழக்கம். பழைய லேப்டாப்பில் முயன்று, விசிறிச் சத்தம் தாங்காமல் விட்டுவிட்டேன்.

எங்கே நோண்டுவது என்பதுதான் உங்கள் சிக்கல், லேப்டாப் ஒன்றுதானே. முதலில் விர்ச்சுவல் மெஷின், அதாவது லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். 8 ஜிபியில் 2 ஜிபியைக் கொடுத்தால் ஆர்ச் தாராளமாக ஓடும். கெட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். ஆனால் வைஃபை, கிராஃபிக்ஸ், ஸ்லீப் போன்ற நிஜத் தலைவலிகள் அதற்குள் வராது. அவையும் வேண்டும் என்றால் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை யுஎஸ்பி உறையில் போட்டு, ஆர்ச்சை அதில் வையுங்கள். செருகினால் ஆர்ச், உருவினால் மின்ட். ஒரே ஒரு எச்சரிக்கை: இன்ஸ்டால் செய்யும்போது சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் பூட்லோடர் எந்த டிஸ்க்கில் போய் விழுகிறது என்று இரண்டு தடவை பாருங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கில் விழுந்துவிட்டால், யுஎஸ்பியை உருவியதும் லேப்டாப் பூட் ஆகாமல் திருதிருவென்று விழிக்கும்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதாக இருந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னே பின்னே காட்டலாம். மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று அதை மாற்ற ஓடாதீர்கள். விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரமான யுடிசியை வைக்கும். இந்திய நேரத்துக்கும் யுடிசிக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. லினக்ஸ் பக்கம் ஒரு கமாண்டில் சரியாகிவிடும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்த பிறகு, பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் நான் கேட்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்பதைத்தான். உங்களுடையதும் ஹார்ட் டிஸ்க் என்றால், எந்த டிஸ்ட்ரோவும் கொடுக்காத வேகத்தை ஒரு எஸ்எஸ்டி கொடுத்துவிடும். காசை முதலில் அதில் போடுங்கள்.

உங்களுக்கு என் பதில் மின்ட், அதில் சினமன் டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. 8 ஜிபிக்கு அது பாரம் இல்லை. இன்ஸ்டால் செய்வதற்கு முன், நேரடியாக ஓடும் லைவ் யுஎஸ்பியிலேயே வைஃபை பிடிக்கிறதா, ஹெட்போனில் சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று பாருங்கள். இன்ஸ்டால் ஆனதும், சிஸ்டம் கெட்டால் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்டை ஆன் செய்யுங்கள். அது சிஸ்டத்தை மட்டும்தான் படம் எடுத்து வைக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டர் வழக்கமாக அதில் சேராது. அதனால் பிராஜெக்ட் ஃபைலுக்குத் தனியாக ஒரு நகல் பென்டிரைவில் இருக்கட்டும். அப்டேட் மேனேஜர் கூப்பிட்டால் அவசரப்பட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப் என்பதால் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எண்டரைத் தட்டுங்கள்.