வெயிலுக்கு டயரில் காற்றைக் குறைக்கலாமா?

மே மாதம் நண்பரோடு 125 சிசி வண்டியில் ஈரோட்டிலிருந்து மைசூர் போகிறீர்கள், வெயிலுக்குக் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், சரியா என்று கேட்டிருந்தீர்கள். குறைக்கவே குறைக்காதீங்க. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு ஓயாமல் மடங்கி விரியும். சூடு அதில்தான் ஏறுகிறது. பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் பின் டயருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். அளவு கையேட்டில் இருக்கும். விடிகாலையில், டயர் சூடாகும் முன்பே காற்றுப் பிடித்துவிடுங்கள்.

நானும் ஒரு சித்திரையில் குறைத்துக்கொண்டு போனவன்தான். சத்தியமங்கலம் தாண்டுவதற்குள் பின் டயரில் கை வைக்க முடியவில்லை.

டயரைவிட எனக்கு வழியில் வரும் திம்பம் மலைப்பாதைதான் கவலை. 27 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி வரும்போது அடிவாரத்துப் பண்ணாரி வரை இறக்கம். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கிளட்சைப் பிடித்து உருட்டுவது வேண்டவே வேண்டாம். காட்டுக்குள் இரவுத் தடை உண்டு, வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். அப்புறம், யானை நின்றால் ஹார்ன் அடிக்காமல் தள்ளியே நில்லுங்கள். நண்பர் செல்ஃபி ஆசாமி என்றால் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்க.