செம்பனின் கண்ணை வரைய முடியவில்லை

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 56. குலசேகரம் பக்கம். விலங்குகளை வரைவதுதான் என் பிழைப்பு. தேரூர் குளத்தில் கூழைக்கடா வந்து இறங்கும் மாதங்களில் விடியும் முன்னே கரையில் போய் உட்காருவேன். பைக்கில் கொண்டுவிட்டுக் கூடவே இருப்பான் என் கூட்டுக்காரன். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. படம் வரையத் தெரியாது. ஆனால், "மாட்டுக்குக் காது அப்பிடி நிக்காதுடே" என்று அவன் சொன்னால் நான் அழித்துவிட்டுத் திரும்ப வரைவேன். முப்பது வருடம் அப்படிப் போனது.

போன வருடம் மாரடைப்பில் போய்விட்டான். நான் அழவில்லை. பந்தல் போட, ஆட்களுக்குச் சொல்லிவிட என்று ஓடிக்கொண்டே இருந்தேன். அவனுடைய நாய் செம்பன் என் வீட்டுக்கு வந்தது. தினமும் அதிகாலை 4 மணிக்கு எழுந்து வாசலில் நிற்கும். அவன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டக் கிளம்பும் நேரம் அது.

இரண்டு மாதம் முன்பு செம்பனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வயது 13. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று மருத்துவர் சொன்னார், சம்மதித்தேன். கூட்டுக்காரன் விட்டுப்போனதை நானே கொன்றுவிட்டேனோ?

செம்பனை வரைந்து வைத்திருக்கிறேன், கண் மட்டும் பாக்கி. இளவயதில் அது தேன் நிறம். கடைசி வருடங்களில் நீலச் சாம்பல் படர்ந்திருந்தது. எதை வைப்பது? தூரிகையை எடுத்தால் கை நடுங்குகிறது. இப்போது 4 மணிக்கு நான் விழித்துக்கொள்கிறேன். "ஒரு நாய்க்குப் போயா இப்படி?" என்கிறார்கள் வீட்டில். மைனியை, அவன் மனைவியை, பார்க்கவே போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு சாவுகள் இருக்கின்றன. முதல் சாவில் உங்களுக்கு வேலை இருந்தது, அழ நேரம் இல்லை. பிறகும் 4 மணிக்கு வாசலில் ஒரு நாய் நின்றதால் நண்பரின் நாள் உங்கள் வீட்டில் நடந்துகொண்டே இருந்தது. செம்பன் போனதும் அதுவும் நின்றுவிட்டது. நீங்கள் இப்போது அழுவது இருவருக்காகவும்தான்.

ஊரார் துக்கமாக ஒப்புக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி 1989-இல் கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதினார். நண்பனின் மரணத்துக்கு ரத்த உறவுக்காரர்களைத்தான் விசாரிப்பார்கள். நாய்க்கு யாரும் துட்டி கேட்டு வருவதில்லை. உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

ஊசியைப் பற்றி நேராகவே சொல்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தால் கழிவு ரத்தத்திலேயே தங்கும். குமட்டலும் வாந்தியும் ஓயாது. அந்த நிலையில் 13 வயது நாயை இன்னும் சில நாள் இழுத்துப் பிடித்திருந்தால், அந்த வேதனையைச் செம்பன்தான் பட்டிருக்கும். நீங்கள் கொல்லவில்லை. நண்பர் இருந்திருந்தால் அவர் எடுக்க வேண்டிய முடிவை, அவர் இடத்தில் நின்று எடுத்தீர்கள். அதுதான் இவ்வளவு கனக்கிறது.

உங்கள் தொழிலில் ஒருவரை நினைத்துக்கொண்டேன். 19-ஆம் நூற்றாண்டின் பெரிய விலங்கு ஓவியர், பிரான்சு நாட்டு ரோசா பொனர். சிறு வயது முதல் உடனிருந்த தோழி நத்தாலி 1889-இல் இறந்தார். பாரிசுக்கு அமெரிக்கக் குதிரைக் காட்சிக் குழு ஒன்று வந்திருந்தது. அதே ஆண்டில் அவர்களின் கூடாரங்களுக்குப் போய், குதிரைகளையும் காட்டெருமைகளையும் வரைந்தார் ரோசா. பத்து வருடம் கழித்து அவர் இறந்தபோது, நத்தாலியின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். வேலைக்குத் திரும்பியதால் அவர் தோழியை விட்டுவிடவில்லை.

4 மணிக்கு விழிப்பு வந்தால் புரண்டு படுக்காதீர்கள். எழுந்து, கரிக்கோலால் ஒரு தாளில் எதையாவது கிறுக்குங்கள். சாப்பாடு இறங்காமல் போனாலோ, நானும் போய்விடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, அன்றைக்கே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

மைனியிடம் போய்விட்டு வாருங்கள். நீங்கள் ஏன் வரவில்லை என்று அவரும் யோசித்துக்கொண்டிருப்பார். செம்பனின் கடைசி நாளை ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லுங்கள்; கேட்க உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். போகும்போது அந்தப் படத்தையும் கொண்டுபோங்கள். தேன் நிறமா, நீலச் சாம்பலா என்று அவரிடமே கேளுங்கள்.