வீட்டை அடமானம் வைத்துத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸா?

குடியாத்தத்திலிருந்து பிளஸ் டூ போகும் மகனோடு ஒரு அப்பா வந்திருந்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டார். தாய்மாமன் பிடிவாதமாம்.

வைக்காதீங்க அண்ணா. வட்டி கட்டப்போவது உங்கள் மச்சான் இல்லை. பையனும் கோடிங்கில் மனசு ஒட்டவில்லை என்கிறான். அவன் வாய் திறந்து பேசியது ஒரே விஷயம்: காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிற கூட்டம் டவுன் பஸ் நிற்கும்போதே ஏன் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறது?

இதற்கென்றே போக்குவரத்துத் திட்டமிடல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. ஷேர் ஆட்டோவும் ஆப் டாக்ஸியும் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆள் கொண்டுவந்து விடுகின்றனவா, இருக்கிற ஆளையும் இழுத்துக்கொள்கின்றனவா? அளந்துதான் சொல்ல முடியும். அதே தடத்தில் அதே நேரத்தில் பஸ் இருந்தும் ஆட்டோ ஓடினால் அது போட்டி. பஸ் நுழையாத தெருவிலிருந்தோ, கடைசி பஸ் போன பிறகோ ஓடினால் துணை. ஜி.பி.எஸ். தகவலை மட்டும் நம்பவும் முடியாது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் இறங்கியவர் பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடிக்க வந்தாரா, ஆஸ்பத்திரிக்கு வந்தாரா? ஆளையே நிறுத்திக் கேட்க வேண்டும்: "இது இல்லாவிட்டால் எதில் வந்திருப்பீங்க?" நடந்தே வந்திருப்பேன் என்றால் கணக்கே மாறிவிடும்.

வழி பி.பிளான், அதாவது திட்டமிடலில் இளநிலைப் பட்டம், நான்கு வருடம். டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்கிடெக்சர்) மூன்றும் மத்திய அரசு நிறுவனங்கள். நுழைவுத் தேர்வு ஜே.இ.இ. மெயின் பேப்பர் 2பி. அதில் கணக்கு, ஆப்டிட்யூட், திட்டமிடல் கேள்விகள்தான். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கிடையாது. பிறகு டெல்லியில் போக்குவரத்துக்கென்றே எம்.பிளான் என்ற இரண்டு வருட மேற்படிப்பு உண்டு. சென்னையில் பஸ், ரயில், மெட்ரோவை ஒன்றாகத் திட்டமிடவே கும்டா என்ற ஆணையம் இருக்கிறது. அதற்கான சட்டம் 2010-இல் வந்தது. இதே வேலையைச் செய்யும் ஆலோசனை நிறுவனங்களும் உண்டு.

முதல் சம்பளத்தைச் சாஃப்ட்வேர்காரன் சம்பளத்தோடு ஒப்பிடாதீங்க, குறைவாகத்தான் இருக்கும். பி.பிளானோடு நிறுத்தினால் கதவுகளும் குறைவு. ஆறு வருடச் செலவு, வெளிமாநில ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து இப்போதே எழுதிப் பாருங்கள். அதற்கும் வீட்டுப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது.

மச்சானிடம் நானே பேசுகிறேன். நீங்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விண்ணப்பத்தில் 2பி-யைத் தனியாகத் தேர்வுசெய்ய வேண்டும். இன்ஜினியரிங்குக்கான பேப்பர் 1 எழுதினால் பி.பிளானுக்கு அது செல்லாது.