‘அவங்க யாரு?’ன்னு டீச்சர் கேட்டப்ப...

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

1990இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தபோது அம்மாவின் வயிற்றில் இருந்தேன்; பிறந்தது மண்டபம் அகதிகள் முகாமில். வாழ்க்கைப்பட்டது தங்கச்சிமடத்தில். பன்னிரண்டு வருஷமாகியும் மாமியாருக்கு நான் ‘சிலோன்காரி’தான். சொதி வைத்தால் முகம் சுளிப்பார். மகளிர் குழுவில் கடன் கொடுக்கும்போது என் பெயர் கடைசியில்தான் வரும். முகாமுக்குப் போனால் ‘ஊர்க்காரி வந்திட்டா’ என்கிறார்கள். சித்தப்பா இறந்த வீட்டில்கூட விருந்தாளி மாதிரி நாற்காலி போட்டார்கள். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று மாமியார் எல்லோரையும் ஃபாதரிடம் அறிமுகப்படுத்தினார், என்னைத் தவிர. (அன்றைக்கு ஒரு டீச்சர், என் அம்மாவைக் காட்டி யாரென்று கேட்டார். என்ன நினைத்தேனோ, ‘தெரிஞ்சவங்க, முகாம்ல இருக்காங்க’ என்றுவிட்டேன். அம்மா பக்கத்தில்தான் நின்றார், மகளும். இப்போது அவள் அம்மம்மா என்பதில்லை, ‘முகாம் பாட்டி’ என்கிறாள். அது கிடக்கட்டும்.) குழுவிலும் மதிப்பில்லை, முகாமிலும் மதிப்பில்லை. நான் எந்த ஊர்க்காரி?

அன்புச் சகோதரிக்கு,

‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிவிட்டீர்களே, எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

முகாமில் ‘கதைக்கிறது’, வீட்டில் ‘பேசுறது’ என்று நாக்கு மாறுவதில் தப்பே இல்லை. இரண்டு இடத்திலும் வாழ்கிறவருக்கு அது தானாக வரும். உங்கள் கரைக்கே அந்தப் பழக்கம் உண்டு. 1914 முதல் 1964 புயல்வரை தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கியவர்கள் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போய்வந்தார்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இன்றும் இரு கரைச் சனமும் போகிறது.

அம்மாவைத் ‘தெரிஞ்சவங்க’ என்றது வேறு. உங்களைத் தள்ளிவைக்கிறார்கள் என்று கடிதம் முழுக்க வருந்துகிறீர்கள். அந்த ஒரு நொடி, தள்ளிவைத்தவர் நீங்கள். முகாமை மறைத்தால் ஊர் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கலாம். மறைத்து வைத்த உங்களை யார் வந்து சேர்த்துக்கொள்வது? உங்கள் மகள் அம்மம்மாவை வெறுக்கவில்லை. வெளியாள் முன்னால் எந்த உறவைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று உங்களைப் பார்த்துக் கற்றிருக்கிறாள். நாளை இதே கணக்கில் உங்களையும் வைப்பாள்.

‘சிலோன்காரி’ என்பதை நிறுத்தச் சொல்லவேண்டியவர் உங்கள் கணவர், அவரிடம் கேளுங்கள். அம்மாவிடம் முதலில் தனியாகப் போங்கள். மாமியாரையும் கூட்டத்தையும் காரணம் சொல்லாமல், ‘அன்றைக்கு உங்களை அம்மா என்று சொல்லவில்லை, தப்பு’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘பரவாயில்லை பிள்ளை’ என்பார். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அழுதால் அழட்டும், இருங்கள். மகளைத் திட்டித் திருத்தவேண்டாம், திட்டினால் வாயில் மட்டும்தான் ‘அம்மம்மா’ வரும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த டீச்சரிடம் போய், ‘அன்னைக்கு வந்தவங்க எங்க அம்மா’ என்று சொல்லுங்கள்.