சிம்னியில் ஹீட் லேம்ப் தேவையா?

அண்ணாச்சி, மார்த்தாண்டத்துப் புது வீட்டுக்கு ஹீட் லேம்ப், அதாவது சமைச்சதை ஆறாம வச்சிருக்கிற சூட்டு பல்பு, வச்ச சிம்னி வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா வேண்டாம். ஓட்டல்ல தட்டு அஞ்சு நிமிஷத்துல மேசைக்குப் போயிரும், அங்க சரி. வீட்டுல அது அடுப்புக்கு நேர் மேல. பர்னர் எரியும்போது பாத்திரத்தை எங்க வைப்பீங்க? அந்தச் சூடும் மேலாப்லயே நின்னுடும். மீன் குழம்புல ஆடை கட்டும், அடியில ஆறிக்கிடக்கும். புட்டு வறண்டு உதிரும். ஏத்தன்பழ பஜ்ஜிக்கு வேணா கொஞ்சம் உதவும்.

250 வாட் பல்பு நாலு மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட், அது பெரிய காசில்லை. எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்ச பல்பைத் துடைக்கிறதுதான் எரிச்சல்.

அந்தக் காசுக்கு நல்ல ஹாட்பாக்ஸ் ஒண்ணு வாங்குங்க. சிம்னி குழாயை வெளிச்சுவர் வழியா விட்டு மூடி போடச் சொல்லுங்க. நம்மூருக்கு ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, சாரல் உள்ள வரும்.